பொதிகையில் களைப்பது யார்?

மலையேற்றக் கட்டுரைகளுக்கென்று ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. மூச்சு வாங்கும், அட்டை கடிக்கும், தூரத்துப் பாறையில் வரையாடு நிற்கும், உச்சியில் மேகம் விலகியதும் 'நான்' கரைந்துபோகும். கேரளப் பக்கம் போனக்காடு வழியாகப் பொதிகை (1868 மீட்டர்) ஏறி வந்தவர்கள் எழுதுவதும் இதேதான். கூடுதலாக, உச்சியில் அகத்தியர் சிலை. காணிகள்? 'வழிகாட்டி ஒருவர் கூட வந்தார்.' அவ்வளவுதான்.

1987இல் இதே மலைத்தொடரில் ஏறிய தாவர ஆய்வாளர்கள் களைத்துப்போனார்கள். வழிகாட்ட வந்த காணிகளோ ஏதோ ஒரு காயைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது; வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்றானது. மருந்துக் கம்பெனிக்குக்கூடத் தெரிந்த காணியை நம் பயணப் பிரதி பார்க்கவில்லை. மலையைக் 'காட்சி'யாக்க, அங்கே வாழ்கிறவரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ள வேண்டியிருக்கிறது.

அதற்காகக் காணிகளைப் புனிதமாக்கியும் தப்பிக்க முடியாது. பெண்களும் ஏறலாமென்று 2018இல் கேரள உயர்நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் முதல் பெண் ஏறியபோது, அகத்தியர் பிரம்மச்சாரி என்று சொல்லிக் காணிகள் அடிவாரத்தில் எதிர்ப்புக் காட்டினார்கள். விளிம்பிலிருந்து வரும் இரண்டு குரல்கள் இங்கே மோதுகின்றன. பெண்கள் ஏறத்தான் வேண்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதே பாறையில் ஆண்கள் இத்தனை வருஷம் சுற்றுலாவாக ஏறி இறங்கியபோது காணிகளின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? இந்தக் கேள்வியைத் தொடாமல் வரையாட்டை மட்டும் வர்ணித்துக்கொண்டிருப்பது ரொம்ப சௌகரியம்.