மரதன் தூதனும் ஊவாவின் தபாற்பையும்

மரதன் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸ் வரை ஓடி, வெற்றிச் செய்தியைக் கூறிய மறுகணமே உயிர்நீத்த வீரனின் கதை பள்ளிப் பருவத்திலேயே மாணவர் நெஞ்சிற் பதிந்துவிடுவது. பதுளையிலும் பசறையிலும் இல்ல விளையாட்டுப் போட்டியையொட்டி ஓடப்படும் மரதன் ஓட்டம் அதன் பெயரையேனும் நிலைநிறுத்துகின்றது. எனினும், அக்கதை எக்காலத்தது, எதனைப் போற்றுகின்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

கி.மு. 490 இல் நிகழ்ந்த அப்போரைப் பற்றி, சில தசாப்தங்களின் பின் எழுதிய ஹெரொடோட்டஸ் கூறுவது வேறு. அவர் காட்டும் பீடிப்பிடிஸ் ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவன். போருக்கு முன்னர், துணைப்படை வேண்டி, ஸ்பாட்டா வரை ஏறத்தாழ 240 கிலோமீற்றர் ஓடி, புறப்பட்ட மறுநாளே சென்றடைகின்றான். முழுநிலவு வரும்வரை படை புறப்படலாகாது என்பது அங்குக் கிடைத்த விடை. ஸ்பாட்டாவின் 2,000 வீரர் வந்து சேர்ந்தபோது போர் முடிந்திருந்தது. களத்திற் கிடந்த பிணங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினர். ஓடியவன் இறந்ததாக ஹெரொடோட்டஸ் எழுதவில்லை. வெற்றியைக் கூறி இறப்பவன் ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகள் கழித்தே, பிளூட்டாக்கின் எழுத்தில், வேறு பெயர்களோடு தோன்றுகின்றான். 1879 இல் வெளிவந்த பிறௌணிங்கின் கவிதை இரு ஓட்டங்களையும் ஒருவனுக்கே உரியனவாக்கியது. 1896 ஒலிம்பிக் போட்டி மரதனை உலகறியச் செய்தது.

பிற்காலக் கதை கவர்ச்சி மிக்கது, ஆயினும் வறியது. செய்தி இனியது, கேட்போர் மகிழ்கின்றனர், கொணர்ந்தவனைப் பற்றி மேலும் சிந்திக்கும் கடனை அவன் சாவு தீர்த்துவிடுகின்றது. மறுப்பைச் சுமந்து மீண்ட பழைய பீடிப்பிடிஸே ஆழமான பாத்திரம். தூது அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவர், உயிருக்கு இறுதி நேரினும் தூதன் தளரலாகாது என்பாரேயன்றிச் சாவைத் தூதுக்கு அணியாக்கவில்லை. கம்பனின் அனுமனோ, சீதையைக் கண்டதையே முதற்சொல்லாக வைத்து, கேட்பவனின் துயரை முதலில் ஆற்றுகின்றான். தமிழ்மரபின் கண் கேட்பவன்மேல் இருக்கின்றது.

இவ்வேறுபாட்டை ஊவாத் தோட்டங்கள் நன்கு விளக்கும். 1924 இல் புகையிரதம் பதுளையை எட்டிய பின்னரும், தபாற் கந்தோரிலிருந்து தோட்டத்துக்குக் கடிதப் பையைச் சுமந்தவன் தோட்டத் தொழிலாளியே. 1964 ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டன. யார் எந்நாட்டவர் என்னும் தீர்ப்பு லயங்களுக்குக் கடிதமாக வந்தது. பையைச் சுமந்தவனின் குடும்பத்துக்குரிய தீர்ப்பும் அதே பையில் இருந்திருக்கலாம். (கிரேக்கத் தூதன் தான் சுமந்த செய்தியையேனும் அறிந்திருந்தான்.) மறுநாளும் அவன் அதே பாதையில் நடக்க வேண்டியவன், அவனுக்குச் சிலையுமில்லை, ஓட்டப் போட்டியுமில்லை.

லயக் காம்பராக்களுக்குத் தனி முகவரி நெடுங்காலம் இருக்கவில்லை. கடிதங்கள் தோட்டக் கந்தோரில் தங்கியே கைமாறின. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கைக்குக் கிட்டியபோது, களம் ஓய்ந்தபின் வந்த ஸ்பாட்டா வீரரைப் போல அதனைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே அவ்விளைஞருக்கு எஞ்சியது.