சாமி குடியிருக்கும் ஆட்டங்கள்

'மாரோவிண்ட்' என்ற வீடியோ கேமில் ஒரு யாத்திரை வரும். வரைபடத்தின் வடகோடியில், டேகன் ஃபெல் ஊருக்கும் அப்பால் இருக்கிற ஒரு சிறு சன்னிதிக்குப் போய்ச் சேர வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: வழியில் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. படகில் ஏறவேண்டுமென்றால் படகுக்காரரிடம் பேசியாக வேண்டும். ஆகவே படகு கிடையாது. எதிரே வருகிறவர் வணக்கம் சொன்னாலும் பேசாமல் கடந்துபோக வேண்டும். நடந்தும் நீந்தியும்தான் பயணம். மௌன விரதத்தைப் பற்றி அந்த ஆட்டம் நமக்குப் பிரசங்கம் எதுவும் செய்வதில்லை. நம் கையிலிருக்கும் ஒரு பொத்தானைக் கொஞ்ச நேரத்துக்கு வாங்கி வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பேச்சு போனதும் அந்த உலகம் இரண்டு மடங்கு பெரிதாகிவிடுகிறது.

2002இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ஆட்டம் அது. படங்களெல்லாம் இன்றைக்குக் கரடுமுரடாகத் தெரியும். ஆனால் ஒரு மதத்தைக் கற்பனை செய்து அதற்குள் ஆட்டக்காரரைக் குடியேற்றியதில் அதை மிஞ்சியவை மிகச் சில. பெரும்பாலான கேம்களில் சாமி என்றால் சக்தி ஏற்றிவிடும் கடைதான். 'டிராகன் குவெஸ்ட்' வரிசையில் செத்த தோழரைக் கோயில் குருக்கள் காசு வாங்கிக்கொண்டு எழுப்பித் தருவார். அதில் ஒரு நேர்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற பல ஆட்டங்களில் போர்க்கடவுள், நதிக்கடவுள், மரணக்கடவுள் என்று ஒரு பட்டியல் வரும். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் வாள்வீச்சில் ஐந்து புள்ளி கூடும். அதற்குப் பிறகு முப்பது மணி நேரம் ஆடினாலும் அந்தக் கடவுளுக்கு ஒரு விளக்குக்கூட ஏற்ற வேண்டியிருக்காது.

மாரோவிண்டில் நேர்மாறு. அங்கே மூன்று தெய்வங்கள்: விவெக், அல்மலெக்சியா, சோத்தா சில். மூவரும் ஒருகாலத்தில் மனிதர்களாக இருந்தவர்கள். செத்துப்போன ஒரு தெய்வத்தின் இதயத்திலிருந்து சக்தியைத் திருடித் தெய்வமானவர்கள். கோயில் இந்த உண்மையை மூடி வைத்திருக்கிறது. அதைக் கிளறுகிற பூசாரிகள் துரத்தப்பட்டுத் தலைமறைவாக வாழ்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த பின்னும் அந்தக் கோயிலின் யாத்திரைகளை நையாண்டியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. 'கும்மு வயல்' என்ற இடத்தில் ஒரு சன்னிதி. ஓர் ஏழைக் குடியானவரின் வேலை மிருகம் செத்துப்போனபோது, விவெக்கே சகதியில் இறங்கி அதன் வேலையைச் செய்தார் என்பது ஐதிகம். அங்கே காணிக்கை ஒரு கைப்பிடிச் சகதி. பொன்னும் வைரமும் குவித்து வைத்திருக்கும் வீரர், சகதிக்காக வயலோரம் குனிந்து தேடிக்கொண்டிருப்பார். இன்னொரு யாத்திரையில் தண்ணீருக்கடியில் மூச்சை விட்டு, மூழ்கிப்போகும் நிலைக்கு வந்தால்தான் வழியே திறக்கும். சாமி பொய்யாக இருக்கலாம், சடங்கு மெய்யாக இருக்கிறது. இந்த இரட்டைத்தன்மைதான் என்னை இந்த ஆட்டத்துக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. வசனங்களும் முப்பத்தாறு பாடங்கள் கொண்ட ஒரு 'வேதமும்' எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அதை எழுதிய மைக்கேல் கர்க்பிரைடின் கை லேசுப்பட்டதல்ல. ஆனாலும் எனக்கு அந்தச் சகதி போதும்.

கொங்குநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கிவிட்டால் அடுத்து கம்பம் நடுவார்கள். முக்கிளையாகப் பிரிந்த மரக்கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து, மஞ்சள் பூசி வேப்பிலை கட்டி, அம்மனுக்கு எதிரே நட்டுவிடுவார்கள். விடிகாலையில் பெண்கள் ஈரத்துணியோடு வரிசையாக வந்து அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ராத்திரியில் பறை முழங்கக் கம்பத்தைச் சுற்றி ஆட்டம் நடக்கும். அந்தக் கம்பம் அம்மனின் புருஷன் என்பார்கள். திருவிழா முடிந்ததும் புருஷனைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். ஈரோட்டில் மூன்று மாரியம்மன் கோயில்களின் கம்பங்களும் ஊர்வலமாகப் போய்க் கருங்கல்பாளையத்தில் காவிரியில் சேரும். வழிநெடுக அவற்றின் மேல் உப்பை வீசுவார்கள், ஊரெல்லாம் மஞ்சள் தண்ணீரில் நனைந்து கிடக்கும். கட்டின புருஷனை ஏன் தண்ணீரில் விடுகிறார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சிலர் கதையே சொல்லமாட்டார்கள், "அது அப்படித்தானுங்க" என்பதோடு சரி. மானிடவியலாளர் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரத் திருவிழாவைப் பார்த்து இந்தக் கம்பத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். குடத்தோடு வந்து நிற்கிறவருக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. செய்கை முன்னால் நடக்கிறது. கதை பின்னால், அவசரமில்லாமல் வருகிறது.

நல்ல கேம் மதங்களும் இந்த வரிசையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. 2001இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 10' ஆட்டத்தில் யெவான் என்றொரு மதம். அதன் பக்தர்கள் உருண்டையான எதையோ ஏந்துவதுபோல் இரு கைகளையும் வைத்துக் குனிந்து வணங்குவார்கள். கதாநாயகன் வேறொரு காலத்திலிருந்து வந்தவன். அந்தக் கும்பிடு அவனுக்கு ஏற்கெனவே தெரியும், அவன் ஊரில் பந்தாட்டத்தில் ஜெயிப்பதற்கான சைகை அது! ஆயிரம் வருஷத்தில் விளையாட்டுச் சைகை வழிபாடாகிவிட்டது. திரையில் ஒரு நிமிஷம்கூட ஆகாத காட்சி. ஒரு மதத்தின் வயதைக் காட்ட அந்தக் கை அசைவே போதுமானதாக இருக்கிறது.

ஜப்பானின் கேம் இயக்குநர் ஹிடேடாக்கா மியாசாகி வேறு பாதையில் போகிறவர். சிறுவயதில் தமக்கு முழுதாகப் புரியாத ஆங்கிலக் கற்பனை நூல்களைப் படித்து, புரியாத பத்திகளைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருப்பவர். 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்', 2022இல் வந்த 'எல்டன் ரிங்' இரண்டையும் அதே கிழிசலோடு நம் கையில் தருகிறார். மதக்கதையைச் சொல்ல அங்கே ஆளில்லை. ஒரு மோதிரம், ஒரு கிழிந்த அங்கி, ஒரு சாம்பல் பொட்டலம் கிடைக்கும். அதன் விளக்கத்தில் இரண்டு மூன்று வரிகள் மட்டும் இருக்கும். அதை வைத்து யார் யாரைக் கும்பிட்டார், யார் யாரை ஏமாற்றினார் என்று நாமே கோத்துக்கொள்ள வேண்டும். எல்டன் ரிங்கில் தங்க முகமூடி அணிந்த ஞானி ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை, விரல்களை அசைத்தபடி, அந்த உலகம் கும்பிடும் பொன்மரத்தைப் பார்த்து நிற்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் மனதைப் படித்து எழுதிக்கொண்டிருக்கும் சீடர் முதலில் உருகுகிறார், போகப்போகக் கலங்குகிறார், கடைசியில் குருவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சந்தேகப்படுகிறார். குருவையும் சீடனையும் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட காட்சியை நான் வேறு கேமில் பார்த்ததில்லை.

பொருளை வைத்துப் பேசும் இந்த வித்தை, காங்கேயத்துக்குப் பக்கத்தில் சிவன்மலைக்குப் போய் வந்தவர்களுக்குப் புதிதல்ல. சுப்பிரமணிய சுவாமி கோயிலில் மூலவர் சன்னிதிக்கு முன்னாலிருக்கும் தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று பெயர். யாரோ ஒரு பக்தரின் கனவில் ஆண்டவன் வந்து இன்ன பொருளை வை என்று உத்தரவிடுவார். அவர் கோயிலுக்கு வந்து சொன்னால் பூக்கேட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப்பூ வந்தால் உத்தரவு உண்மை, பொருள் பெட்டிக்குள் போகும். அடுத்தவருக்குக் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். ஒரு வாரமோ பல மாதமோ, கணக்கில்லை. மண், தண்ணீர், மஞ்சள், சைக்கிள், துப்பாக்கி என்று என்னென்னவோ இருந்திருக்கின்றன. பெட்டி எந்த விளக்கமும் தருவதில்லை. விளக்கம் முழுக்க வெளியே, டீக்கடையிலும் பஸ்ஸிலும் செய்தித்தாளிலும் நடக்கிறது. மண் வைத்தபோது நிலத்தின் விலை ஏறியது என்பார்கள், தண்ணீர் வைத்தபோது சுனாமி வந்தது என்பார்கள். இப்போது இருக்கும் பொருளுக்கு மஞ்சள் வியாபாரி ஒன்று சொல்வார், பனியன் கம்பெனிக்காரர் வேறொன்று சொல்வார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ரசிகனாக எனக்குப் படுவது ஒன்றுதான்: ஒரு பொருளை வெளிச்சத்தில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் ஊர் முழுக்கக் கதாசிரியர்கள் கிளம்பிவிடுவார்கள். மியாசாகியின் ரசிகர்கள் ஒரு மோதிரத்தின் விளக்கத்தை வைத்து ராத்திரி முழுக்கச் சண்டை போடுவதும் இதே வகைதான்.

சாமிகள் எப்போதோ ஆதியில் தோன்றி முடிந்துவிட்டவை என்ற எண்ணமும் கோயமுத்தூரில் செல்லாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரைப் பிளேக் உலுக்கியபோது இங்கே பிளேக் மாரியம்மன் தோன்றினாள். நோயின் ஆங்கிலப் பெயரையே முன்பெயராக ஏற்றுக்கொண்ட அம்மன். இன்றும் ஊருக்குள் அவளுக்குக் கோயில்கள் இருக்கின்றன, பூசை நடக்கிறது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின் உச்சத்தில், இருகூரில் காமாட்சிபுரி ஆதீனம் ஒன்றரை அடிக் கருங்கல்லில் கொரோனா தேவியை வைத்து நாற்பத்தெட்டு நாள் யாகம் நடத்தியது. நாடெங்கும் செய்தியானது, இணையத்தில் கேலியும் நடந்தது. கேலி செய்தவர்களில் பலர் பிளேக் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்களாகவும் இருப்பார்கள். நூறு வருஷப் பழமை இருந்தால் மரியாதை தானாக வந்துவிடுகிறது.

கேம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். 2015இல் வந்த 'பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி'யில் கடவுள்களெல்லாம் முன்னொரு காலத்து மனிதர்கள் செய்து வைத்தவை என்று கடைசியில் தெரியவரும். பெரிய அதிர்ச்சியாக வைத்திருக்கிறார்கள். அந்த ஆட்டத்தின் எழுத்தை எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த அதிர்ச்சி என்னைத் தொடவில்லை. மனிதர் செய்த சாமி என்றால் சாமி இல்லை என்ற முடிவுக்கு இங்கே யாரும் அவ்வளவு சுலபமாகப் போவதில்லை. களிமண்ணைப் பிசைந்து குதிரையும் வீரனும் செய்யும் குயவருக்கு அது தம் கையால் ஆனது என்று தெரியும். கண் திறந்த பிறகு அவரும் அதன் முன் கைகூப்புவார்.

சாவு விஷயத்துக்கு வருவோம். கேம்களில் சாவு மலிவு. செத்தால் பழைய இடத்தில் எழுந்துகொள்ளலாம். டார்க் சோல்ஸ் அந்த மலிவையே இறையியலாக்கியது: சாக முடியாத சாபம், அணையப்போகும் நெருப்பு, அதற்கு விறகாகப் போக வேண்டிய வீரர். கொங்கின் அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் மாண்டபின் தங்கை அருக்காணி தங்காள் களத்துக்கு வந்து அவர்களைச் சற்று நேரம் எழுப்பிப் பேசுகிறாள். உடுக்கையடித்து இரவிரவாகப் பாடப்படும் இந்தக் கதையை 1965இல் பிரெண்டா பெக் ஒலிநாடாவில் பதிவு செய்தார், பின்னாளில் அது கார்ட்டூன் தொடராகவும் ஆனது. படுகளம் என்ற சடங்கில், மணப்பாறைப் பக்கத்து வீரப்பூரிலும் கொங்கு ஊர்களிலும், அருள் வந்தவர்கள் மாண்டவர்களாக விழுவார்கள். வெள்ளைத் துணி போர்த்துவார்கள். தங்காளின் பெயரால் தீர்த்தம் தெளித்தபின் ஒவ்வொருவராக எழுவார்கள். எழுகிறவர் தாமாக எழுவதில்லை, எழுப்ப ஒரு தங்கை வேண்டியிருக்கிறது. பொத்தானை அழுத்தி உயிர்பெறும் எந்த ஆட்டத்திலும் எனக்கு இந்தக் கனம் கிடைத்ததில்லை.

செவில் நகரத்து 'கேம் கிச்சன்' குழு 2019இல் 'பிளாஸ்ஃபீமஸ்' ஆட்டத்தைக் கொண்டுவந்தது. தங்கள் ஊர்ப் புனித வார ஊர்வலத்தில் பாவமன்னிப்பு வேண்டி வருகிறவர்கள் அணியும் கூம்புத் தொப்பியையே நாயகனின் இரும்புத் தலைக்கவசமாக்கினார்கள். ஊரின் பக்தியையும் குரூரத்தையும் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் ஏசுவின் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. நம்மூரில் நடப்பது வேறு. புனேவின் 'ராஜி' (2020) அழகான முயற்சி, அதன் சுவரோவியங்களுக்காகவே ஆடலாம். ஆனாலும் துர்க்கை, விஷ்ணு, அசுரன் என்று புராணத்தின் ராஜபாட்டையிலேயே போகிறது. ராஜபாட்டையில் எல்லாருக்கும் வழி தெரியும். கம்பத்துக்கும் உத்தரவுப் பெட்டிக்கும் போகிற சந்துகளை இன்னும் யாரும் நம் கேம்களில் தொட்டதாகத் தெரியவில்லை.

தொடுகிறவர் எல்லாவற்றையும் தொட வேண்டும். தலைக்கட்டு வரி வசூலும், முதல் மரியாதைச் சண்டையும், யார் கோயிலுக்குள் வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற பழைய கணக்கும் அதில் சேர்த்தி. எல்டன் ரிங்கில் கொம்போடு பிறந்த பிள்ளைகளைப் பொன்மரத்தின் புனிதத்துக்கு ஆகாதவர்கள் என்று தலைநகரின் சாக்கடைக்குள் தள்ளியிருப்பார்கள். அரசகுலப் பிள்ளைகளும் அதில் உண்டு. தெருக்களெல்லாம் பொன்னாக மின்னும், நேர் கீழே அவர்கள் கிடப்பார்கள். மதத்தின் அழகைக் காட்டிய கையோடு அதன் கீழறையையும் திறந்து காட்டும் அந்தத் துணிச்சல் நம் ஆட்டங்களுக்கு வருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேமில் எப்போதும் ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கப்பட்டவர், மதமே அவருக்காகக் காத்திருக்கும். நம்மூர்ச் சடங்கில் அப்படியில்லை. பண்ணாரி மாரியம்மன் கோயிலில் பங்குனியில் தீமிதிக்கும் குண்டத்துக்கு எரிகரும்பு என்னும் விறகை அடுக்கித் தீமூட்டி, விடியுமுன் பூசாரி இறங்கிவிடுவார். அவருக்குப் பின்னால் நாள் முழுக்க வரிசை நகரும். விவசாயி, காக்கிச் சட்டைக்காரர், கைக்குழந்தைக்காரி என்று யார் யாரோ இறங்குவார்கள். கடைசியில் ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வரிசையின் நடுவில் எங்கோ ஓர் இடத்தைத்தான் நான் ஆட்டக்காரருக்குக் கொடுப்பேன். முறை வரும்வரை அவர் நிற்கட்டும்.