மதிலும் கூக்குரலும்

பொதுநிலையினருக்கான தலைமைப் பயிற்சிகளில் நெகேமியா நூலை எடுத்தாள்வது வழக்கமாகிவிட்டது. திட்டமிடல், பொறுமை, குறிக்கோளில் உறுதி என மூன்று தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஓரிரு வசனங்களைப் பொருத்திக் காட்டுவர். அது தவறன்று. ஆயினும் அந்நூலை அவ்வாறு கூறுபோட்டு வாசிக்கையில் எது விடுபட்டுப் போகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

நெகேமியா தம் கதையைத் தாமே சொல்கிறார். பாரசீக மன்னன் அர்த்தக்சஸ்தாவுக்குச் சூசா அரண்மனையில் மது பரிமாறுபவர் அவர். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கும் செய்தி கிஸ்லேவு மாதத்தில் அவரை எட்டுகிறது. மன்னனிடம் அவர் வாய் திறப்பதோ நீசான் மாதத்தில், அதாவது கி.மு. 445ஆம் ஆண்டின் இளவேனிலில். இடைப்பட்ட நான்கு திங்களைப் பற்றி, அழுதார், நோன்பிருந்தார், மன்றாடினார் என்பதற்குமேல் நூல் ஒன்றும் கூறவில்லை. ஆனால் மன்னன் வினவியதும் எவ்வளவு காலம் வேண்டும், எந்த ஆளுநர்களுக்கு மடல் வேண்டும், அரச காட்டின் காவலர் ஆசாபிடமிருந்து எந்தெந்த வேலைக்கு மரம் வேண்டும் என்பன எல்லாம் ஆயத்தமாக வெளிவருகின்றன. அந்த நான்கு திங்களும் எவ்வாறு கழிந்தன என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது.

எருசலேமை அடைந்த பின்னும் அவர் எவரிடமும் நோக்கத்தைச் சொல்லவில்லை. இரவில் ஒரு சிலரோடு மதிலைச் சுற்றி வருகிறார். அரசரின் குளத்தருகே, ஏறிச்சென்ற விலங்கு நுழைய முடியாதபடி இடிபாடுகள் வழியை அடைத்துக் கிடக்கின்றன. நகரின் அழிவை இதைவிடச் சுருக்கமாக யார் காட்ட இயலும்?

மூன்றாம் அதிகாரத்தின் பெயர்ப் பட்டியலைப் பலரும் தாண்டிச் செல்வர். குருக்கள், பொற்கொல்லர், நறுமணத் தைலம் செய்வோர், சல்லூம், அவர்தம் புதல்வியர் எனப் பலரும் அதில் அணிவகுக்கின்றனர். தெக்கோவா ஊரார் உழைத்தனர். அவ்வூர்ப் பெருமக்களோ தோள் கொடுக்கவில்லை. பங்குக் கோவில் கல்வெட்டுகளில் நம் குடும்பப் பெயரைத் தேடும் வழக்கம் நினைவுக்கு வர, இவ்விடத்தில் நாம் புன்னகைத்துக்கொண்டோம்.

பயிற்சி உரைகள் நான்காம் அதிகாரத்தின் ஈட்டியையும் காவலையும் விரிவாகப் பேசிவிட்டு, ஆறாம் அதிகாரத்திற்குத் தாவிவிடுகின்றன. சன்பலாற்றும் கெசேமும் ஓனோச் சமவெளிக்கு நான்கு முறை அழைத்தும், வேலையை விட்டு வர இயலாதென அவர் நான்கு முறையும் ஒரே விடை அனுப்பியது அங்கேதான் வருகிறது. மதில் 52 நாள்களில் நிறைவுறுவதும் அங்கேதான். எனினும் நூலின் உயிர் நடுவிலுள்ள ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது என்பது நம் கருத்து. மதில் எழும்பிக்கொண்டிருக்கையில் ஏழைகளின் கூக்குரல் எழுகிறது. பஞ்சத்தில் தானியத்திற்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தோர், அரச வரி கட்டக் கடன்பட்டோர், புதல்வியரை அடிமைகளாகக் கொடுத்துவிட்டோர் எல்லாரும் முறையிடுகின்றனர். கடன் கொடுத்தவர் பகைவர் அல்லர், சொந்த இனத்துச் செல்வர். புறத்தே இருந்த பகைவர்மீது பதிந்திருந்த கண்ணுக்கு அகத்தே இருந்த பசி அதுவரை தெரியவில்லை. நெகேமியா சினங்கொள்கிறார், தமக்குள்ளே ஆராய்கிறார், பின் சபையைக் கூட்டிச் செல்வரைக் கண்டிக்கிறார். தாமும் தம் சகோதரரும் பணியாளரும்கூடக் கடன் கொடுத்தவர்களே என்பதை மறைக்காமல் சொல்கிறார். இந்நிகழ்ச்சி அந்த 52 நாள்களுக்குள் நடந்திருக்குமா என ஐயுறும் அறிஞர் உண்டு. பின்னர் நடந்திருப்பினும், மதில் வேலையின் நடுவே அது வைக்கப்பட்டிருப்பதுதான் நமக்கு முக்கியம்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஆளுநருக்குரிய உணவுப்படியை 12 ஆண்டுகள் தாம் பெறவில்லை என்றும், தம் பந்தியில் 150 பேர் உண்டனர் என்றும் அவரே கணக்கெடுத்துக் கூறுவது நம் செவிக்குச் சற்று உறுத்துகிறது.

அவரது பொறுமைக்கும் எல்லை உண்டு. மன்னனிடம் சென்று திரும்பிய அவர், கோவிலின் அறை ஒன்று பகைவன் தோபியாவுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதைக் கண்டு அவனுடைய தட்டுமுட்டுப் பொருள்களை வெளியே எறிகிறார். வேற்றினப் பெண்களை மணந்தோர் சிலரை அடித்து, அவர்களது தலைமயிரைப் பிடுங்குகிறார். நான்கு திங்கள் காத்திருந்த மனிதரும் இவரே. இப்பக்கங்களை அழகுபடுத்தாமல் விட்டுவைத்த நூல், தம்மை நினைவுகூருமாறு அவர் இறைவனை வேண்டும் சிறு மன்றாட்டோடு முடிகிறது.