ஊதா நாடாவும் தோட்டத்து ஆசிரியையும்

பிரான்சில் கல்விப் பணிக்கென வழங்கப்பெறும் 'பால்ம் அக்கதெமிக்' விருது 1808இல் நெப்போலியனின் ஆணையாற் பிறந்தது. தொடக்கத்தில் அது பல்கலைக்கழகத்தாரின் தரத்தைச் சுட்டிய பட்டமேயன்றிப் பதக்கமன்று. 1866இலேயே அது ஊதா நாடாவிற் கோத்த பதக்கமாயிற்று. 1955இல் மூன்று தரங்களாகச் சீரமைக்கப்பட்டது. ஆடவரை மனங்கொண்டெழுந்த அவ்வமைப்பினுள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிற் பள்ளி ஆசிரியைகளும் இடம்பெற்றனர்.

இதனை அரசு பெண்களுக்குக் காட்டிய பெருந்தன்மையெனக் கொள்ளுதல் பிழை. 1879ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரி அமைத்தலைக் கட்டாயமாக்கியது. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்களால் தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆயிற்று. 1889இல் ஆசிரியர் சம்பளத்தை அரசே ஏற்றது. ஆசிரியை அரசின் பதிவேட்டில் ஏறினாள். ஆதலின் அவள் மார்பில் நாடாவும் ஏறியது. நாடா மோகத்தை மாப்பசான் 1883இலேயே சிறுகதையொன்றில் எள்ளி நகையாடினார். 1887இல் உயர் விருதுகள் விலைபோன ஊழல் வெளிப்பட்டுக் குடியரசுத் தலைவரே பதவி துறக்க நேர்ந்தது. ஆயினும் கிராமத்து ஆசிரியையின் சம்பளமும் ஓய்வூதியமும் அந்நாடாவை நம்பி இருக்கவில்லை.

ஆசிரியையை அரசு தன்னவளாக ஏற்றதா என்னும் இவ்வளவுகோலை நம் மலையகத்திற்கும் பொருத்திப் பார்த்தல் தகும். 1920ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைத் துரைமாரின் பொறுப்பாக்கியது. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஒரே அறையில் எல்லா வகுப்புகளுக்கும் பாடஞ் சொன்னவர், கல்வித் திணைக்களத்தின் ஆசிரியரல்லர், தோட்டத்தின் சம்பளக்காரர். 1945இன் இலவசக் கல்வி அவரைக் கடந்து சென்றது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே நின்றன. 1977 முதலே அவை படிப்படியாக அரசின்கீழ் வந்தன. பதிவேட்டில் இல்லாத ஒருவரை எவ்வரசு விருதுக்குத் தேர்ந்தெடுக்கும்?

அதன்பின் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் பயின்று, லயங்களிற் பிறந்த பெண்கள் பலர் வகுப்பறைக்குள் வந்தனர். இது சிறிய மாற்றமன்று. ஆயின் விழா மேடைகளில் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி, 'தியாகம்', 'தொண்டு' என்னுஞ் சொற்களைப் பொழியும் நம் வழக்கம் ஐயத்துக்குரியது. சம்பளத்திற்கு உரியவளைத் தியாகியாக்குவது, கொடுக்க வேண்டியதை மறைப்பதற்கு எளிய வழியாகும்.

2014ஆம் ஆண்டின் பின் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குச் சேர்க்கப்பட்டோர் பெற்ற பெயரே இதற்குச் சான்று. பிரான்சில் ஒரு பட்டம் ஆசிரியரின் தரத்தை உயர்த்திச் சொல்லிற்று. இங்கே ஒரு பட்டம் அதைத் தாழ்த்திச் சொல்லிற்று. அவர்கள் 'ஆசிரியர்' அல்லர், 'ஆசிரியர் உதவியாளர்'. முதலில் மாதம் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் படியாகப் பெற்று, முழு ஆசிரியர் செய்யும் வேலையையே அவர்கள் செய்தனர். அவர்கள் கேட்டது பதக்கமன்று. அப்பெயரின் பின்பாதியை நீக்குமாறே கேட்டனர்.