கேட்கப்படாத விடை: கொலைக்களக் காதையும் குற்றம் சாட்டப்பட்டோன் உரிமையும்

சிலப்பதிகாரத்தில் நீதி பற்றிய ஆய்வுகளும் மேடை உரைகளும் பெரும்பாலும் 20ஆம் காதையாகிய வழக்குரை காதையிலேயே நிலைகொள்கின்றன. கண்ணகியின் துணிவும், தவறுணர்ந்த நொடியிலேயே உயிர்நீத்த பாண்டியனின் நேர்மையும் அங்கே போற்றப்படுகின்றன. ஆனால் கோவலன்மீதான வழக்கு அதற்கு முன்பே, 16ஆம் காதையாகிய கொலைக்களக் காதையில் முடிந்துவிட்டது. கண்ணகி நடத்துவது, தண்டனை நிறைவேறிய பின்னர் எடுத்துரைக்கப்படும் எதிர்வாதம். இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளாத திறனாய்வு, பாண்டியனின் பிழையைச் 'சான்றைத் தவறாக மதிப்பிட்டமை' என்று சுருக்கிவிடுகின்றது. அவன் சான்று எதனையும் மதிப்பிடவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டவனை வினவாமல் விட்டதே அவன் பிழை.

ஆணை பிறந்த சூழலைக் காப்பியம் நுட்பமாக அமைத்துள்ளது. ஆடல் கண்டு ஊடிச் சென்ற தேவியைத் தேற்ற அரசன் விரைகின்றான். வழியில் பொற்கொல்லன் வணங்கி, சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் குடிலில் இருப்பதாகக் கூறுகின்றான். அவையும் அமைச்சரும் இல்லாத அவ்விடத்திலேயே ஆணை பிறக்கின்றது. அவ்வாணை நிபந்தனையற்றதன்று, சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் என்னும் வரையறை அதில் உண்டு. அரசனுக்காக வாதிடுவோர் இவ்வரையறையைச் சுட்டலாம். ஆயினும் கையில் இருப்பது எவருடைய சிலம்பு என்று தீர்மானிக்கும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது? காவலர்க்குச் சிலம்பின் அடையாளம் தெரியாது. குற்றம் சாட்டியவனே அவர்களை அழைத்துச் செல்கின்றான். உண்மைத் திருடனும் அவனே என்பதைக் காப்பியம் கற்போர்க்கு முன்னரே உணர்த்திவிடுகின்றது.

பொருள் கையில் இருப்பதிலிருந்து குற்றத்தை ஊகிப்பது இன்றைய சட்டத்திற்கும் அயலானதன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 114ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டில் இதனையே பேசுகின்றது. களவு நிகழ்ந்த சிறிது காலத்திற்குள் களவுப்பொருளை வைத்திருப்பவன் அதனைத் திருடியவன் என்றோ, திருட்டுப்பொருள் என்று அறிந்தே பெற்றவன் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம். அப்பொருள் தன்னிடம் வந்த வகையை அவனால் விளக்க இயலாதபோது மட்டுமே இவ்வூகம் செல்லும். 2023ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் இதனைக் கைவிடவில்லை. பாண்டியனின் ஆணை இவ்விதியின் முற்பாதியோடு நின்றுவிடுகின்றது. விளக்கம் கேட்கும் பிற்பாதி அதில் இல்லை. கேட்டிருந்தால் கோவலனிடம் விடை இருந்தது: இணைச்சிலம்பு ஆயர்பாடியில் மாதரி மனையில், கண்ணகியிடம் இருந்தது.

கொலைக்களக் காட்சியில் கோவலன் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சிலம்பை விலைமதிக்க இயலுமா என்று பொற்கொல்லனிடம் வினவியவன், காவலர் வந்தபின் மௌனமாகிவிடுகின்றான். அம்மௌனம் அச்சத்தால் விளைந்ததன்று. அரச ஆணையால் சிலம்பைக் காண வந்தோர் இவர் என்றே அவனுக்குச் சொல்லப்படுகின்றது. தன்மீது குற்றச்சாட்டு உண்டு என்பதையே அறியாதவன் எதை மறுப்பான்? கைதுக்கான காரணத்தைக் கூறவேண்டும் என்று இந்திய அரசமைப்பின் 22ஆம் உறுப்பு விதிப்பதன் பொருளை, சட்டநூல்களைக் காட்டிலும் இக்காட்சி தெளிவாக உணர்த்துகின்றது.

காவலரிடம் ஐயம் எழாமலும் இல்லை. இவன் தோற்றம் கள்வனுடையது அன்று என்கின்றனர். அவ்வையத்தைப் பொற்கொல்லன் மறுக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. கோவலனுக்கு எதிராக ஒரு சான்றும் அவன் தருவதில்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் எனக் கள்வர் கைக்கொள்ளும் எட்டு வழிகளை விரித்துரைக்கின்றான். இளைஞன் ஒருவன், முன்பொரு நாள் தன் வாளைப் பறித்த கள்வனின் கதையை எடுத்துக்கூறுகின்றான். கள்வர் இத்தகையோர் என்னும் பொது அச்சம், இவன் கள்வனா என்னும் தனி வினாவின் இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது. அதற்குள் கல்லாத களிமகன் ஒருவனின் வாள் வீழ்ந்துவிடுகின்றது.

இனி வழக்குரை காதையை நோக்கினால், விசாரணை எவ்வளவு எளியது என்பது புலப்படும். கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். அரசன் தன் தேவியின் சிலம்பில் உள்ளவை முத்துகள் என்கின்றான். சிலம்பு உடைபடுகின்றது, உண்மை தெறிக்கின்றது. பரல் பற்றிய அறிவு தொடக்கம் முதலே அரசனிடம் இருந்தது. அதே வினாவைக் கோவலனிடம் தொடுப்பதற்குத் தடையாக நின்றது அரசனின் விரைவு ஒன்றே.

இவ்விரைவை உரைமரபு ஊழின்மீது ஏற்றுகின்றது. கொல்லும்பொருட்டுக் கொணர்க எனச் சொல்லக் கருதியவன், வினைவிளைகாலம் ஆதலின் கொன்று கொணர்க எனச் சொல்லிவிட்டான் என்பது அவ்விளக்கம். இளங்கோவின் ஊழ்க்கோட்பாட்டிற்கு அது இயைபுடையதே. எனினும் நாத்தவறியது என்னும் விளக்கமே, உயிர்பறிக்கும் ஆணை மறு ஆய்வின்றி உடனே நிறைவேறும் அமைப்பின் குறையை வெளிப்படுத்திவிடுகின்றது. இன்று விசாரணை நீதிமன்றம் விதிக்கும் மரணதண்டனையை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் கூறுவது, நாத்தவறும் கைத்தவறும் மனிதர்க்கு இயல்பு என்பதாலேயே.

இக்கால அளவுகோலால் பழங்காப்பியத்தை அளப்பது முறையா என்னும் மறுப்பு எழக்கூடும். அளவுகோல் காப்பியத்திற்குள்ளேயே இருக்கின்றது. அடைக்கலக் காதையில் மாடலன் நினைவுகூரும் பூதம், பொய்க்கரி கூறியவனைப் பாசத்தாற் பிணித்து உண்கின்றது. அவனுக்கு ஈடாகத் தன் உயிரைத் தர முன்வந்தவன் கோவலன். பொய்ச்சான்றுக்குக் காவல் இருந்த புகாரிலிருந்து, அத்தகைய காவல் எதுவும் தனக்கு உதவாத நகருக்கு அவன் வந்து சேர்கின்றான்.

கட்டுரை காதை இன்னும் நெருங்கிய சான்றைத் தருகின்றது. பாண்டியர் செங்கோன்மைக்குச் சான்றாக மதுராபதி கூறும் கதைகளுள் ஒன்று வார்த்திகனுடையது. புதையல் கவர்ந்தான் என்னும் பொய்ப்பழியால் அரசப் பணியாளர் அவனைச் சிறையிடுகின்றனர். மனைவி கார்த்திகை அழுகின்றாள். ஐயை கோயிற்கதவம் திறவாது போகின்றது. அரசன் வினவித் தவற்றை உணர்ந்து, அவனை விடுவித்து, பொறுத்தருள வேண்டி நிலமும் அளிக்கின்றான். தெய்வம் இதனைப் பாண்டியர் பெருமையாகவே உரைக்கின்றது. ஆயினும் கோவலன் கதையின் அருகில் வைக்கும்போது இது வேறொன்றையும் சொல்கின்றது. வார்த்திகனுக்கு நீதி கிட்டியதற்கு அரசனின் அறவுணர்வு மட்டும் காரணமன்று. வினவும் நேரத்தில் அவன் உயிரோடு இருந்தான். அதே காதையில் வரும் சங்கமனோ ஒற்றன் எனப் பழிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவன். அவன்மீது பழிசுமத்திய பரதனே மறுபிறப்பில் கோவலன் ஆனான் என்கின்றது தெய்வம்.

காப்பியத்தின் நீதியுணர்வு எல்லா இடத்திலும் ஒரே விழிப்போடு இருப்பதாகவும் கூற இயலாது. நெடுஞ்செழியனுக்குப்பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், பத்தினிக்குப் பலியாகப் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொல்கின்றான். பின்னர் மழை பொழிந்து நாடு வளம் பெற்றது என்று உரைபெறு கட்டுரை அமைதியாகக் கூறிச் செல்கின்றது. குற்றம் செய்தவன் ஒருவன். அவ்வாயிரவருள் எவரேனும் வினவப்பட்டதாகக் குறிப்பில்லை. அவர்களுள் எவர்க்காகவும் ஒரு பெண் சிலம்பேந்தி வாயிலில் வந்து நின்றதாகவும் குறிப்பில்லை.