திங்கட்கிழமை தில்லி

தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்குப் போகும் ஒரு வாரச் சுற்றுலாவுக்கு யார் புரோகிராம் போட்டாலும் தாள் ஒரே மாதிரிதான் வருகிறது. முதல் நாள் குதுப் மினார், தாமரைக் கோயில், இந்தியா கேட், அக்ஷர்தாம். இரண்டாம் நாள் செங்கோட்டை, ராஜ்காட், மதியத்துக்கு மேல் கரோல் பாக்கில் துணிமணி. மூன்றாம் நாள் விடியுமுன் ஆக்ரா, வழியில் மதுரா. பிறகு ஜெய்ப்பூர். திரும்பி வந்து ரயில். தாளின் தலைப்பு ‘தில்லி டூர்’. தில்லிக்குக் கிடைத்திருப்பது ஒன்றரை நாள்.

இந்தத் தாளைக் கேலி செய்வது சுலபம். அதற்கு முன் அது செய்யும் நல்ல வேலையைச் சொல்லிவிட வேண்டும். தில்லி கதவுகளின் ஊர். செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், காந்தி சுடப்பட்ட பிர்லா மாளிகை எல்லாவற்றுக்கும் அதே திங்கள்தான். சரோஜினி நகர், கரோல் பாக் கடைகளும் அன்று பெரும்பாலும் மூடியிருக்கும். சாந்தினி சௌக் கடைகளுக்கு ஞாயிறு. தாஜ் மகாலுக்கு வெள்ளி. நிஜாமுதீனிலிருந்து ஆக்ராவுக்கு நூறு நிமிடத்தில் ஓடும் கதிமான் எக்ஸ்பிரஸும் வெள்ளியன்று ஓடாது.

இப்போது நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். சனிக்கிழமை அரை நாள் அலுவலகம் பார்த்துவிட்டு இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால், இரண்டு இரவு கழிந்து புது தில்லியில் இறங்குவது திங்கட்கிழமை காலை. விடுப்பை மிச்சப்படுத்தும் குடும்பத்துக்கு இதைவிட இயல்பான கிளம்பும் நாள் கிடையாது. தில்லி பார்க்க இதைவிட மோசமான முதல் நாளும் கிடையாது. ஒரு நல்ல டூர் மேனேஜர் இந்தத் திங்களை குதுப் மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் கொடுத்துவிடுவார். இரண்டும் வாரம் முழுக்கத் திறந்திருப்பவை. அனுபவத்தில் வரும் அறிவு இது. ‘எதையும் திட்டமிடாமல் போய்ப் பார்ப்போம்’ என்று தோள்பையோடு கிளம்புகிறவர் செங்கோட்டையின் பூட்டிய லாகூர் வாயிலின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார். ரயில் முன்பதிவும் அப்படித்தான். 120 நாளுக்கு முன் எடுக்க முடிந்த டிக்கெட்டை 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்தான் எடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். கோடை விடுமுறைக்குப் போக நினைப்பவர் அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குக் கைபேசியோடு உட்கார்ந்தாக வேண்டும்.

ஆனால் எந்த நாள் என்று இவ்வளவு கணக்குப் பார்க்கிற தாள், எந்த மாதம் என்பதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நம் பள்ளி விடுமுறையும் தில்லியின் வானிலையும் ஒன்றுக்கொன்று பகை. மே மாதம் அங்கே வெயில் 45 டிகிரியைத் தொடும். செங்கோட்டையின் திறந்த முற்றத்தில் நண்பகலில் கால் வைக்க முடியாது. அரையாண்டு விடுமுறையான டிசம்பர் கடைசியில் பனிமூட்டம். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், யமுனை விரைவுச்சாலையில் பத்தடிக்கு முன்னால் போகும் வண்டி தெரியாது. அந்த மூட்டத்தில்தான் நம் தாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வேனைக் கிளப்பி ஆக்ராவுக்கு அனுப்புகிறது. தீபாவளியை ஒட்டிப் போனால் புகை. ஜனவரியில் போனால் குடியரசு நாள் ஏற்பாட்டுக்காகச் செங்கோட்டையைச் சில நாள் மூடிவைத்திருப்பார்கள். மிஞ்சுவது காலாண்டு விடுமுறையும் பிப்ரவரி, மார்ச்சும். பிப்ரவரியில் எந்தப் பிள்ளைக்கு விடுமுறை? (டிசம்பரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. பாலைக் கடைந்து நுரையாக எடுத்து விற்கும் ‘தௌலத் கி சாட்’ பழைய தில்லியில் குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். வாயில் வைத்ததும் காணாமல் போகும்.)

மாதத்தையும் கிழமையையும் சரியாகத் தேர்ந்தால் இந்தத் தொல்லைகள் தீர்ந்துவிடும். தாளின் பெரிய குறை, அது தில்லியை ஒரே ஊர் என்று நினைத்துக்கொண்டிருப்பது.

தில்லி ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றன்பக்கம் ஒன்றாகவும் கட்டிக் கைவிட்ட பல தலைநகரங்களின் தொகுப்பு. தெற்கே மெஹ்ரோலியில் முதல் சுல்தான்கள். அதற்கு வடகிழக்கே அலாவுதீன் கில்ஜியின் சிரி. தென்கிழக்கே கியாசுதீனின் துக்ளகாபாத். யமுனைக் கரையில் ஃபிரோஸ் ஷாவின் கோட்லா, அடுத்து ஹுமாயூனும் ஷேர் ஷாவும் கட்டிய பழைய கோட்டை. 1639இல் அடித்தளம் போட்ட ஷாஜகானாபாத்தைத்தான் இன்று ‘பழைய தில்லி’ என்கிறோம். இதுவரை சொன்னவற்றில் அதுதான் மிகப் புதியது. கடைசியாக, 1911 தர்பாரில் அறிவித்து 1931இல் திறந்த ஆங்கிலேயரின் புது தில்லி. நம் தாளின் முதல் நாளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொடங்கிய குதுப் மினார், 1986இன் தாமரைக் கோயில், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான இந்தியா கேட், 2005இல் திறந்த அக்ஷர்தாம். வேன் ஓட்டுநருக்கு இது நல்ல வட்டப்பாதை. வேனுக்குள் இருப்பவருக்கு நான்கு பெரிய கட்டடங்கள். எது எதற்கு முன், யார் யாரை விரட்டிவிட்டு இதைக் கட்டினார் என்பது மாலையில் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. படித்தவர் படிக்காதவர் வித்தியாசமே இதில் இல்லை.

குதுப் மினாருக்குத் தாள் கொடுப்பது முக்கால் மணி நேரம். 72.5 மீட்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க அது போதும். துருப்பிடிக்காத இரும்புத் தூணைச் சுற்றி வரவும் போதும். அதே வளாகத்தின் தெற்கு ஓரத்தில் அலாய் தர்வாசா என்ற சிவப்புக்கல் வாயில் நிற்கிறது. அலாவுதீன் கில்ஜி அதைக் கட்டியது 1311இல். தமிழ்நாட்டிலிருந்து போகிறவருக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டும்: மாலிக் காஃபூரின் படை மதுரைக்கு வந்தது அந்த ஆண்டில்தான். அனுப்பியவர் இதே அலாவுதீன். அந்தப் படையெடுப்பை எழுதிவைத்த அமீர் குஸ்ரோ, குதுப் மினாருக்கு வடகிழக்கே நிஜாமுதீன் தர்காவில் தன் குருவின் காலடியில் அடக்கமாகியிருக்கிறார். குதுப் மினாரைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒன்று கட்ட வேண்டும் என்று அலாவுதீன் தொடங்கிய அலாய் மினார், அவர் 1316இல் இறந்ததும் முதல் தளத்தோடு நின்றுபோன கற்குவியலாக எதிர்ப்பக்கம் கிடக்கிறது. மதுரைக்காரர் ஒருவர் அந்த வாயிலுக்கும் அந்தக் குவியலுக்கும் நடுவில் நின்று இதை யோசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தாளில் அதற்குக் கட்டம் கிடையாது. பக்கத்துச் சுவரைத் தாண்டினால் மெஹ்ரோலி தொல்லியல் பூங்கா. பல்பனின் கல்லறை, ஜமாலி கமாலி பள்ளிவாசல், படிக்கிணறுகள். டிக்கெட்டே இல்லை. டிக்கெட் இல்லாத இடங்கள் தாளில் ஏறுவது அபூர்வம் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

செங்கோட்டை இன்னும் நல்ல உதாரணம். உள்ளே போய் வரும் நம்மவர்கள் சொல்லும் முதல் குறை, “அவ்ளோ பெரிய கோட்டை, உள்ள ஒண்ணுமே இல்லையே” என்பது. கண் பொய் சொல்லவில்லை. 1857 கிளர்ச்சி அடங்கியபின் ஆங்கிலேயர் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துப் படைவீடுகள் கட்டினார்கள். அந்த வெறுமைதான் அங்கே பார்க்க வேண்டிய முதல் பொருள். கடைசி முகலாயரான பகதூர் ஷா ஜஃபர் கோட்டையை விட்டு வெளியேறி, பிடிபட்ட இடம் ஹுமாயூன் கல்லறை. விசாரணைக்காகத் திரும்பக் கொண்டுவந்தது இதே கோட்டையின் திவான்-இ-காஸ் மண்டபத்துக்கு. அங்கிருந்து ரங்கூன், 1862இல் மரணம். காலையில் செங்கோட்டையும் மாலையில் ஹுமாயூன் கல்லறையும் என்று ஒரே நாளில் வைத்தால் அந்தக் கிழவரின் பின்னாலேயே நடந்துபோகலாம். தாளோ கோட்டைக்குப் பிறகு கரோல் பாக்குக்கு அழைத்துப் போகிறது.

ஃபிரோஸ் ஷா கோட்லா எந்தத் தாளிலும் இல்லை. கிரிக்கெட் மைதானத்தின் பெயராக மட்டும் நமக்குத் தெரியும். மைதானத்தின் பக்கத்து இடிபாட்டின் உச்சியில், தோப்ரா என்ற ஊரிலிருந்து பதினான்காம் நூற்றாண்டில் பெயர்த்துக் கொண்டுவந்த அசோகர் தூண் நிற்கிறது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்து முடிக்க உதவியவற்றில் இந்தத் தூணின் கல்வெட்டும் ஒன்று. அந்தச் சாவி கிடைக்காமல் இருந்திருந்தால் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் வெட்டியிருக்கும் தமிழ்ப் பிராமியும் கீறலாகவே இருந்திருக்கும். வியாழக்கிழமைகளில் தில்லிக்காரர்கள் அங்குள்ள ஜின்களுக்கு மனு எழுதி, ஊதுபத்தி கொளுத்தி வைக்கிறார்கள். மகன் வேலை, மகள் கல்யாணம், வீட்டு வழக்கு. அதே வியாழன் மாலை நிஜாமுதீனில் கவ்வாலி. திங்கள் எதெல்லாம் மூடும் என்று தெரிந்துவைத்திருக்கும் தாளுக்கு, வியாழன் என்ன திறக்கும் என்பது தெரியவில்லை.

இவ்வளவு சொன்னபின் என்னையே மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு டூர் வேனில் யார் இருக்கிறார்கள்? முழங்கால் வலியோடு எழுபது வயது அம்மா, ஹிந்தி தெரியாத தம்பதி, ஓய்வு பெற்ற ஆசிரியர், அண்டா அடுப்போடு கூடவே வரும் சமையல்காரர். அவர் சமைக்கும் சாம்பார் சாதத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், மூன்றாம் நாளும் ரொட்டி தின்று வயிறு கெட்ட பெரியவரோடு பயணம் செய்ததில்லை. இவர்களில் பலருக்கு இது வாழ்நாளில் ஒரே தில்லிப் பயணம். “ஒரே இடத்தில் நாள் முழுக்க இருந்து அனுபவியுங்கள்” என்று அறிவுரை சொல்வது மறுபடி வர முடிகிறவர்களின் வசதி. தாஜ் மகாலைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் பக்கத்து வீட்டில் என்ன பதில் சொல்வது? எண்ணிக்கை என்பது அவர்கள் கட்டிய பணத்துக்குக் கேட்கும் கணக்கு, அது நியாயமான கணக்கு. ஆகவே ஆக்ராவை வெட்டு என்று சொல்ல மாட்டேன். ஜெய்ப்பூரை வெட்டச் சொல்வேன். போக வர ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வேனில் உட்கார்ந்து பார்ப்பது இன்னொரு தலைநகரம். அதற்கு இன்னொரு வாரம் வேண்டும்.

வேனை விட்டுவிட்டுத் தாங்களே திட்டமிடும் இளையவர்களிடம் இந்த எண்ணிக்கை நோய் குறைந்திருக்கும் என்று நினைத்தேன். கைபேசியில் அரை மணிக்கு ஒரு வண்ணக் கட்டமாக அவர்கள் போடும் திட்டத்தைப் பார்த்தபின் அந்த நம்பிக்கை போய்விட்டது. கரோல் பாக்குக்குப் பதில் காபிக் கடை, அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அவர்கள் கையில் பழைய தாளுக்கு இல்லாத ஒரு கருவி இருக்கிறது. 2002இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவின் மஞ்சள் தடம், குதுப் மினார் நிலையத்திலிருந்து ஹோஸ் காஸ், லோதி தோட்டத்துக்கு அருகே ஜோர் பாக், ஆங்கிலேயரின் தலைமைச் செயலகம், சாந்தினி சௌக் என்று ஏறக்குறைய தில்லி கட்டப்பட்ட வரிசையிலேயே போகிறது. ஒரு நாளைக்கு ஒரு தில்லி என்று வைத்துக்கொண்டால் வேனே தேவையில்லை, நிலையத்திலிருந்து ஓர் ஆட்டோ போதும்.

இதையெல்லாம் வகுத்து நானே ஒரு புரோகிராம் போட்டேன். மார்ச் முதல் வாரம், அம்மாவும் நானும். வியாழனைக் கோட்லாவுக்கும் நிஜாமுதீனுக்கும் வைத்தேன். ஒரு நாள் முழுக்க மெஹ்ரோலி. பெருமையாகத்தான் இருந்தது. பல்பன் கல்லறைக்குப் போகும் மண்பாதையில் அம்மா பாதியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து, “நீ போய்ப் பாத்துட்டு வாப்பா, நான் இங்கயே இருக்கேன்” என்றார். எண்ணிக்கையை விட்டாலும் நான் போட்டது எனக்கான திட்டம். அவருக்கு என்ன பார்க்க வேண்டும் என்று கிளம்புவதற்கு முன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அன்று இரவு கேட்டேன். “இந்திரா காந்தி வீடு” என்றார், யோசிக்காமல்.

சஃப்தர்ஜங் சாலை முதலாம் எண் வீடு. அதுவும் திங்கள் விடுமுறைதான். நாங்கள் போனது வெள்ளி. நான் அதற்கு மனசுக்குள் அரை மணி ஒதுக்கியிருந்தேன். சுடப்பட்டபோது இந்திரா உடுத்தியிருந்த புடவையை அம்மா பார்த்தார், கண்ணாடி பதித்த தோட்டப்பாதையில் கூட்டத்தோடு நகர்ந்தார். அதே வீட்டில் இன்னொரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டபோது ராஜீவ் காந்தி அணிந்திருந்த உடையின் மிச்சம், காலணிகள். அம்மா அங்கே நின்றுவிட்டார். பின்னால் வந்த பள்ளிப் பிள்ளைகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“அன்னிக்கு ராத்திரி உங்கப்பா மெட்ராஸ்ல இருந்தாரு” என்றார் சற்று நேரம் கழித்து. “பஸ் எல்லாம் நின்னு போச்சு. மூணாம் நாள்தான் வீடு வந்து சேர்ந்தாரு. உனக்குச் சொல்லியிருக்கேனா?”

சொன்னதில்லை. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். மதியம் தேசிய அருங்காட்சியகம் என்று எழுதியிருந்தேன். மொஹஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அம்மா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.