அந்தப் பையன் யார் வீட்டு மாட்டை மேய்த்தான்?

காமராசர் காரில் போகிறார். வழியில் ஒரு பையன் மாடு மேய்த்துக்கொண்டு நிற்கிறான். ஏன் பள்ளிக்கூடம் போகலைன்னு கேட்கிறார். போனா சோறு யார் போடுவான்னு திருப்பிக் கேட்கிறான் பையன். முதலமைச்சர் நெஞ்சு உருகுகிறது. மதிய உணவு பிறக்கிறது.

இந்தக் கதையைப் பட்டிமன்றத்தில் கேட்டிருக்கிறேன், ஆண்டு மலர்களில் படித்திருக்கிறேன், எம்.ஏ. வகுப்பில் ஒரு பேராசிரியர் கண் கலங்கச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். நடந்ததா இல்லையா என்பது என் வழக்கு அல்ல. அதை ஒரு பிரதியாக வைத்து வாசித்துப் பார்ப்போம். அந்தப் பையனுக்குப் பேர் இல்லை, தெரு இல்லை, அப்பன் ஆத்தா இல்லை. வயிறு மட்டும்தான் இருக்கிறது. அவன் மேய்த்த மாடு யாருடையது? பள்ளிக்கூட நேரத்தில் அவன் ஏன் அடுத்தவன் மாட்டுக்குப் பின்னால் நின்றான்? கதை சொல்லுகிற ஒருத்தருக்கும் இந்தக் கேள்வி வந்ததில்லை. எங்க தாத்தா எட்டு வயதில் ஊர்த்தெருவில் ஒரு வீட்டு மாட்டுக்குக் கட்டிவிடப்பட்டவர். அப்பன் வாங்கின கடனுக்கு மகன் உழைப்பு. அவருக்குச் சோறு இல்லாமல் போனது மழை பொய்த்ததால் அல்ல. பசி மட்டும் கதைக்குள் வருகிறது, பசியை உண்டாக்கியவன் வெளியே நின்றுகொள்கிறான். கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள்.

இந்தக் கதையாடலில் இன்னொரு வேலையும் நடக்கிறது. பொதுப்பணம் கொடையாக மாறுகிறது. 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. அது ஒரு நிதித் தீர்மானம். ஆரம்பக் கல்விப் பணத்தை இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொன்னதும் 1925இல் நின்றுபோனது. எந்தக் கணக்கிலிருந்து, யாருக்காக, எவ்வளவு என்பதுதான் அன்றைக்குச் சண்டை. 1956க்கும் 1982க்கும் வரும்போது அந்தச் சண்டை மறைந்து தலைவரின் தாயுள்ளம் மட்டும் மிஞ்சுகிறது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருசம், 1981இல், மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1983இல் டாஸ்மாக் வந்தது. எங்க சேரி ஆம்பளைங்க கடையில் கொட்டின காசும், பெண்கள் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டின விற்பனை வரியும் அரசுக் கஜானாவுக்குத்தான் போயின. சுவரில் இருந்த படம் மட்டும் வேறொருத்தருடையது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'சோத்துக்குப் போடுற பணத்துல தொழிற்சாலை கட்டலாமே' என்று 1982இல் ஏளனம் செய்த மேதைகளோடு எனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நான் அந்தச் சோற்றில் வளர்ந்தவள். நான் ஒண்ணாவது சேர்ந்த காலத்தில் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1989இல் வந்த ஏற்பாடு அது. முட்டை நாளில் காய்ச்சல் அடித்தாலும் போவேன். அதனால்தான் இதை விமர்சிக்கிற உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பணம் ஒதுக்குவதோடு வேலை முடிந்ததா? அடுப்பு எங்கே எரிகிறது? 2003இல் சுகதேவ் தோரட்டும் ஜோயல் லீயும் சேர்ந்து ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களை வைத்துச் செய்த ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. மதிய உணவு தலித் குடியிருப்புக்குள் போடப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒன்று அளவுதான். பெரியார் மண் என்று நாம் மார்தட்டும்போது பக்கத்து ஆந்திரத்தில் கிட்டத்தட்டப் பாதி. திட்டமே நம்மைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக்கொண்டது. சமையற்கூடம் ஊர்த்தெருவில், கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் மூணு வயசுப் பிள்ளை ரோட்டைத் தாண்டி எப்படிப் போகும்? போனாலும் எங்கே உட்காரும்?

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் போட்ட உணவு வழக்கில், 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. சமையலர், உதவியாளர் வேலைக்குத் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று. எங்கம்மாவுக்கு 2007இல் உதவியாளர் வேலை கிடைத்தது. ஊர்த்தெருப் பள்ளிக்கூடம். பதிவேட்டில் 62 பிள்ளைகள். முதல் வாரம் சாப்பிட்டது 19 பேர், எல்லாம் எங்க காலனிப் பிள்ளைங்க. மத்ததெல்லாம் தூக்குவாளியோடு வந்தது. ஆனால் முட்டை நாளில் மட்டும் 62ம் வரிசையில் நிற்கும்.

'ஆயா, ஓட்டோட குடு. நீ உரிக்காத'ன்னு கேட்குமாம்.

முட்டைக்கு ஓடு இருக்கிறது, சோற்றுக்கு இல்லை. தீட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க நம்ம கோட்பாட்டுத் தோழர்கள் எத்தனையோ பக்கம் எழுதுகிறார்கள். எங்கம்மா இந்த ஒரு விசயத்தைச் சொல்லிவிட்டு வெத்தலை போடப் போய்விட்டது.

அமைப்பாளர் தினமும் பதிவேட்டில் 62 என்றே எழுதினார். அரிசியும் பருப்பும் 62 பேருக்கே இறங்கியது. மிச்சச் சோறு?

'குண்டான் குண்டானா மாட்டுத் தொட்டிக்குப் போச்சிடி. ஊர்க்காரன் மாட்டுக்கு.'

'உன் கை பட்ட சோறும்மா.'

'மாட்டுக்கு என்னா தெரியும்? அது தின்னுது, பால் கறக்குது, அதை அதுங்க குடிக்குது.'

தாத்தா மேய்த்த மாட்டின் பேரனுங்க அதுங்க. அரசாங்கத்தின் ஆண்டுக் கணக்கில் அந்தப் பள்ளிக்கூடத்தில் 62 பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சென்னையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் படிக்கிறவர் திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி என்றுதான் எழுதுவார்.

இது பழங்கதை என்று சொல்லிவிட முடியாது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பள்ளியை மறித்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தம்மாவை இடம் மாற்றியது. போராட்டம் வந்த பிறகுதான் அந்த மாற்றலை ரத்து செய்து வழக்குப் போட்டார்கள். ஆறு பேருக்கு இரண்டாண்டுத் தண்டனை வர 2025 நவம்பர் ஆனது. காலை உணவுத் திட்டம் 2022இல் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் போனது. அடுத்த மாதமே கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரிலிருந்தும் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலிருந்தும் அதே செய்தி வந்தது. பெரிய மனிதர்கள் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள், படம் வந்தது. போனது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் கேமரா போன மறுநாள் அந்தச் சமையல்கார அம்மா தனியாகத்தானே அடுப்பு மூட்டணும்?

'சத்து' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பருப்பு சத்து, முட்டை சத்து, கொண்டைக்கடலை சத்து. 2010 முதல் வாரம் ஐந்து முட்டை வந்தது, சந்தோசம். எங்க காலனியில் ஞாயித்துக்கிழமை வேகிற மாட்டுக்கறிதான் நாங்கள் வாங்க முடிந்த மலிவான புரதம். அது எந்த அரசுப் பட்டியலிலும் ஏறியதில்லை. எது உணவு என்பதை முடிவு செய்கிற நாக்கு யாருடையது என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறேன், இது தனிக் கட்டுரைக்கான விசயம்.

கணக்குக்கு வருவோம். பட்ஜெட் புத்தகத்தில் 789 என்று ஒரு சிறு தலைப்பு வரும். பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டத்தின் குறியீடு அது. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கை ஒதுக்கிக் காட்ட வேண்டும் என்பதற்காகச் சத்துணவு மாதிரியான பொதுத் திட்டங்களின் செலவிலும் ஒரு பகுதியை இந்தத் தலைப்பில் எழுதுகிறார்கள். எழுதட்டும். சேரியின் பேரில் எழுதிய பணம் சேரிக்குள் ஒரு அடுப்பாக, ஒரு தண்ணீர்க் குழாயாக, ஒரு சமையலர் பணியிடமாக ஏன் வந்து சேரவில்லை? நம்ம இயக்கங்கள் சிலைக்கும் பெயர்ப்பலகைக்கும் போராடிய அளவுக்கு இந்த மூணு இலக்கத்துக்குப் போராடவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த எண் இருப்பதே எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரியும்.

போன வருசம் எங்க காலனிப் பெண்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். அங்கன்வாடியும் சமையற்கூடமும் காலனிக்குள் வேண்டும், 789இல் இருந்து செலவழியுங்கள் என்று எண்ணைப் போட்டே எழுதினோம். மூணு மாசம் கழித்துப் பதில் வந்தது. காலனியில் கட்டடத்துக்கு ஏற்ற புறம்போக்கு நிலம் இல்லையாம். அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டது. 'மேய்க்கால் புறம்போக்கு அஞ்சு ஏக்கர் இருக்குதே, அது யாரு கையில இருக்குதுன்னு எழுதிக் கேளு' என்றது. இரண்டாவது மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.